ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களுக்கு எங்கள் ஊரின் நன்றி மடல்

பெருமதிப்புக்குரிய பிரதேச செயலாளர், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, சுகாதார வைத்திய அதிகாரி, பிரதேச சபைச் செயலாளர், பாடசாலை அதிபர், கிராம அலுவலர் ஆகியோருக்கு,

வலிகாமத்திலுள்ள எங்கள் ஊரின் சனசமூக நிலையமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் இணைந்து இம்மடலை எழுதுகின்றன. ஐஸ் எனப்படும் போதைப்பொருளும் கஞ்சாவும் ஊருக்குள் புழங்கத் தொடங்கி, வாள்களுடன் மோட்டார் சைக்கிள்களில் சிலர் இரவில் திரிந்த காலத்தில், நாங்கள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் மரியாதையாகவே கேட்டார்கள்; ஆனால் விற்பவரைப் பிடிப்பது ஓரிடத்து வேலை, பாழ்வளவைத் துப்புரவாக்குவது இன்னோரிடத்து வேலை, பாடசாலைக்கு வராத பிள்ளையைத் தேடுவது வேறோரிடத்து வேலை என்று எங்கள் முறைப்பாடு துண்டு துண்டாகிப் போனது. பிரதேச செயலகத்தில் உங்கள் அனைவரையும் ஒன்றாக இருத்திய கூட்டத்தின் பின்னரே அந்தத் துண்டுகள் பொருந்தின.

முதல் நன்றி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உரியது என்றால் சிலர் வியக்கக்கூடும். உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்க, பற்றை மண்டிக் கிடந்த ஒரு வீட்டிலேதான் பொட்டலங்கள் கைமாறின. பொலிஸார் வந்தால் கலைவதும் போனால் கூடுவதுமாக இருந்த அவ்விடத்துக்கு, 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர் அறிவித்தல் கொடுத்தார். கிராம அலுவலர் உறவினர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் பெற, பிரதேச சபை பற்றைகளை அகற்றி, ஒழுங்கையின் முடக்கில் மின்விளக்கும் பொருத்தியது. மறைவு போனதும் வியாபாரமும் போய்விட்டது. அயலூருக்குப் போயிருக்கவும் கூடும். ஆகையால் அவ்வூர்ச் சங்கங்களுடனும் பேசி வருகிறோம்.

21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள்களோ மதுவோ விற்கக் கூடாதென்ற 2006ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடை கடையாகச் சென்று நினைவூட்டிய மதுவரி உத்தியோகத்தர்களுக்கும் நன்றி.

பொலிஸாருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. தகவல் கொடுத்த தாய்மாரின் பெயர் இன்றுவரை வெளியே கசியவில்லை; கசிந்திருந்தால் அதன்பின் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். விற்றவர்களை நீதிமன்றத்தில் நிறுத்திய அதே வேளையில், பழக்கத்துக்கு அடிமையாகிப்போன பிள்ளைகளை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டுமென்று சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் அதிபரும் வற்புறுத்தினார்கள். ஊரிலே அதற்கு எதிர்ப்பு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. "அடைத்து வைத்தால்தான் திருந்துவார்கள்" என்றவர்களிடம், உளநலப் பிரிவு வைத்தியர் எங்கள் வாசிகசாலைக்கே வந்து, திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட ஒரே கேள்விக்குக்கூடச் சலிக்காமல் விளக்கமளித்தார்.

சிகிச்சை முடித்து வந்த பிள்ளைகளுக்கு இப்போது வேண்டியது வேலை. பழைய கூட்டாளிகள் இன்னும் சந்தியில்தான் நிற்கிறார்கள். எனவே அடுத்த கூட்டத்துக்குத் தொழிற்பயிற்சி அதிகார சபையின் உத்தியோகத்தரையும் அழைக்குமாறு, இந்நன்றியோடு சேர்த்துப் பிரதேச செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வண்ணம்,
தலைவர், செயலாளர் மற்றும் அங்கத்தவர்கள்,
சனசமூக நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.