சூட்டில் வைக்கக் கூடாத டேப்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகர சன் ஸ்டூடியோவின் பழைய பதிவுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்று. 1956 டிசம்பர் 4 அன்று பாடகர் கார்ல் பெர்கின்ஸின் ஒலிப்பதிவுக்கு நடுவே எல்விஸ் பிரெஸ்லி எட்டிப்பார்க்க, ஜெர்ரி லீ லூயிஸ் பியானோவில் இருக்க, ஜானி கேஷும் வந்து போன அந்தப் பொழுதின் பாட்டும் அரட்டையும் 1981-இல்தான் ஐரோப்பாவில் இசைத்தட்டானது என்பது வரை எல்லாம் சரி. “இத்தகைய டேப்புகளை மிதமான சூட்டில் வைத்து எடுத்தால் உயிர் பெறும்” என்ற ஒரு வரிதான் வம்பு. பரணில் அப்பா காலத்து ஸ்பூல் வைத்திருக்கும் யாராவது அதை நம்பிச் சமையல் ஓவனைப் பற்றவைத்தால் பதிவு போயே போய்விடும்.

சூடேற்றும் வைத்தியம் 1970, 80களில் வந்த, முதுகிலும் கறுப்புப் பூச்சு பூசிய பாலியஸ்டர் டேப்புகளுக்கானது. அவற்றில் காந்தத்தூளைப் பிடித்துவைக்கும் பைண்டர், காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் கிறீச்சிட்டு, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் போல வைத்தால் சில வாரங்களுக்கு மட்டும் ஓட்டும் பக்குவத்துக்கு வரும். சமையல் ஓவனின் சூடு ஏறி இறங்கும் என்பதால் இந்த டேப்புகளுக்கும் அது லாயக்கில்லை.

1950களின் ஸ்டூடியோ டேப் பெரும்பாலும் அசிட்டேட் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கில் ஆனது. இருக்கிற கொஞ்ச ஈரமும் சூட்டில் வற்றினால் அது சுருங்கி, ஓரம் மடங்கி, அப்பளமாக நொறுங்கும். அடையாளம் காண்பது எளிது: ரீலைப் பக்கவாட்டில் விளக்குக்கு நேரே பிடித்தால் அசிட்டேட் சுற்றின் ஊடே வெளிச்சம் தெரியும், பாலியஸ்டரில் தெரியாது. வினிகர் நெடி அடித்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ரீலை உடனே மற்றவற்றிடமிருந்து பிரித்து, குளிர்ந்த, ஈரம் குறைந்த இடத்தில் வைக்க வேண்டும். அமில ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும்.

ஓட்டும்போதும் அவசரம் ஆகாது. வேகமாகச் சுற்றுவது கூடவே கூடாது. டேப்பை வெட்டி ஒட்டிய பழைய ஒட்டுகளில் பசை காய்ந்து பிரிந்திருக்கும், அல்லது கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டியிருக்கும்; ஒவ்வொன்றையும் கையால் பார்த்து மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். கால் அங்குல டேப்பின் முழு அகலத்திலும் ஒரே மோனோ தடம் இருந்தால், அதற்கு முழுத்தட ஹெட்டே வேண்டும். ஹெட்டின் சாய்வு இம்மி பிசகினாலும் முதலில் தொலைவது உச்சஸ்தாயி ஒலி. பிறகு மென்பொருளில் அதை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

வேகத்துக்கு அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் முனகல் பல பதிவுகளில் அடியில் கேட்கும். அது 61 என்று காட்டினால் டேப் வேகமாக ஓடுகிறது. சுருதி ஒரு அரைச்சுரத்தின் கால் பங்குக்குச் சற்று மேலே ஏறியிருக்கும். பாடகரின் குரல் இளைத்துக் கேட்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

சன் ஸ்டூடியோ பதிவுகளில் இன்னொரு கண்ணி உண்டு. அங்கு ஸ்டூடியோவின் நிறுவனர் சாம் பிலிப்ஸ் இரண்டாவது டேப் இயந்திரத்தைக் கொண்டு உண்டாக்கிய எதிரொலி அந்த இசையின் பாதி அழகு. இரைச்சல் நீக்கும் மென்பொருளை முரட்டுத்தனமாக ஓட்டினால் அந்த எதிரொலியின் வாலையும் சேர்த்து நறுக்கிவிடும். அதனால் கைவைக்காத முதல் பிரதியை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் தனியே வைத்துவிட்டுத்தான் சுத்தம் செய்யத் தொடங்க வேண்டும்.

எல்விஸ் 1953-இல் அதே முகவரியில் காசு கொடுத்துப் பதிந்து, 2015-இல் 3 லட்சம் டாலருக்கு ஏலம் போன தட்டைக் கட்டுரை வைனில் என்கிறது. அது லாக்கர் தட்டு, அதாவது மேலே பூசிய மென்மையான பூச்சில் பள்ளம் வெட்டிய தட்டு. வைனிலைவிட மென்மையானது, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தேயும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அந்தக் காலத் தட்டின் பள்ளத்துக்குச் சுமார் 70 மைக்ரோன் ஸ்டைலஸ் (ஊசி) வேண்டும்; எல்.பி. எனும் நீண்டநேர இசைத்தட்டுக்கான 25 மைக்ரோன் முனை அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் உழும். ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் பூச்சே கரையும்.

அடுத்த இதழில் வேறு திருத்தத்துக்கு இடமில்லாவிட்டாலும், சூடேற்றும் வரிக்கு மட்டுமாவது ஒரு மறுப்பு வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், திருச்சி