அமால்ஃபியின் கற்சுவர்களையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெற்கு இத்தாலியின் அமால்ஃபி கடற்கரை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பொசித்தானோவின் விடுதிகளையும் ரவெல்லோவின் தோட்ட மாளிகைகளையும் அழகாக விவரித்தது. ஆனால், அந்த மலைச்சரிவைத் தாங்கி நிற்கும் உழவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமளிக்கிறது.

லத்தாரி மலை ஏறக்குறையச் செங்குத்தாகக் கடலில் இறங்கும் அப்பகுதியில் சமதளமே அரிது. சுண்ணாம்புக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிச் சுவர் எழுப்பி, பின்புறம் மண் நிரப்பி உருவாக்கிய படிநிலங்களில்தான் 'ஸ்ஃபுசாத்தோ' என்னும் நீண்ட, மணமிக்க எலுமிச்சை விளைகிறது. செஸ்ட்நட் மரக் கழிகளால் பந்தலிட்டு, குளிர்காலத்தில் வலையால் மூடிக் காத்து, பழங்களைப் பல இடங்களில் இன்றும் தோளில் சுமந்தே இறக்குகிறார்கள். 1997-இல் யுனெஸ்கோ இக்கடற்கரையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்த நிலவமைப்பையும் போற்றியது.

இவ்வளவு பாடுபட்டும் கட்டுப்படியாகாததால் இளைஞர்கள் சுற்றுலா வேலைகளுக்குச் சென்றுவிட, பராமரிப்பற்ற சுவர்கள் சரிகின்றன. 1954 அக்டோபர் பெருமழையில் சலெர்னோ, வியத்ரி, மயோரி பகுதிகளில் 300-க்கும் மேற்பட்டோர் மாண்ட நிலம் அது என்பதை மறக்கலாகாது.

நெரிசலைக் குறைக்க, 2022 முதல் கோடையின் குறிப்பிட்ட நாட்களில் வெளியூர் கார்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் முறையில் அனுமதிக்கிறார்கள். குறுகிய மலைச்சாலைக்கு அது நல்லதே. சுவர்களுக்கு அதனால் பயனில்லை. விடுதிகளில் வசூலாகும் சுற்றுலா வரியில் ஒரு பங்கைச் சுவர் சீரமைக்கும் உழவர்களுக்கு நேரடியாக வழங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடுத்த கட்டுரையில், மயோரிக்கும் மினோரிக்கும் இடையே தோட்டங்களின் ஊடாகச் செல்லும் எலுமிச்சைப் பாதையைப் பற்றியும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி