ஐட்லிங்கில் உதறும் கார்: ஐந்து முறை அலைந்தும் தீராத கோளாறு பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெட்ரோல் காரை 16 வருடங்களாக ஓட்டி வருகிறேன். 1,48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இத்தனை வருடத்தில் உங்களுக்கு ஒரு புகார்கூட எழுதியதில்லை. இரண்டு மாதத்தில் ஐந்து முறை உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போய், ஐந்து முறையும் அதே உதறலோடு திரும்பி வந்தபின்தான் எழுதுகிறேன்.

கோளாறு இதுதான். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, வண்டியே உதறுகிறது. 750இல் நிற்க வேண்டிய ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) முள் 500க்கும் 900க்கும் நடுவே ஆடுகிறது. நின்ற இடத்திலிருந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் உடனே இழுப்பதில்லை; ஒரு நொடி திணறி அப்புறம்தான் கிளம்புகிறது. சிக்னலில் பின்னால் லாரி நெருங்கி வரும்போது அந்த ஒரு நொடியில் உயிர் போய் உயிர் வருகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி சூடானபின் முக்கால்வாசி சரியாகிவிடும். இதையெல்லாம் முதல் நாளே சொன்னேன். ஜாப் கார்டில் (வண்டியின் குறையையும் செய்த வேலையையும் எழுதும் தாள்) "ஐட்லிங் பிரச்சினை" என்று இரண்டே வார்த்தை எழுதிக்கொண்டார்கள்.

முதல் முறை த்ரோட்டில் பாடியை, அதாவது என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகத்தை, சுத்தம் செய்தார்கள். சரி, கரி படிந்திருந்தது, செய்ய வேண்டிய வேலைதான். அடுத்த முறை ஸ்பார்க் பிளக் நான்கும் இக்னிஷன் காயில் நான்கும் மாற்றினார்கள். மூன்றாவது முறை, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சார். ஒவ்வொரு முறையும் "இதுதான் சார் பிரச்சினை, இனி வராது" என்று அடித்துச் சொன்னார்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன். இன்றுவரை வரவில்லை.

நான்காவது முறை நடந்ததை என்னால் மறக்கவே முடியாது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் கோளாறு தெரியும் என்பதால், இரவு முழுக்க வண்டியை அங்கேயே விட்டுவிடச் சொன்னார்கள். விட்டேன். காலையில் டெக்னீஷியன் வரும்போது நானும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அலுவலகத்துக்கு விடுப்பு போட்டுவிட்டு எட்டு மணிக்கே போய் நின்றேன். போய்ப் பார்த்தால் பானெட் கொதிக்கிறது! இடம் வேண்டும் என்று யாரோ காலையில் வண்டியை எடுத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, வேறு இடத்தில் நிறுத்தியிருக்கிறார். அதன்பின் வந்த டெக்னீஷியன் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு "நல்லாத்தானே சார் ஓடுது" என்றார். ஜாப் கார்டில் "கோளாறு தென்படவில்லை" என்று எழுதி என்னிடமே கையெழுத்து கேட்டார்கள்.

நான் மெக்கானிக் இல்லை. ஆனாலும் வேறு வழியில்லாமல் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஒரு சிறிய ஓபிடி ஸ்கேனர் வாங்கி மாட்டிப் பார்த்தேன். பதிவாகியிருந்த கோளாறு கோட் பி0171, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஐட்லிங்கில் ஃப்யூவல் ட்ரிம் (கலவையைச் சரிக்கட்ட வண்டியின் கம்ப்யூட்டர் தானே கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு) 22 சதவீதம் கூடுதலாக இருக்கிறது. 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் 4 சதவீதத்துக்கு இறங்குகிறது. இதற்கு என்ன பொருள் என்று வண்டியைச் செய்தவர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுமா? உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரைத் தாண்டி எங்கோ அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. வெடித்த வேக்யூம் ஹோஸாக இருக்கலாம், என்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப இழுக்கும் பிசிவி குழாயாக இருக்கலாம், காற்று போகும் பாதையின் இணைப்பை அடைக்கும் இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட்டாக இருக்கலாம். ஐட்லிங்கில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான் என்பதால் சிறிய கசிவுகூடப் பெரிதாகத் தெரிகிறது. சூடாகி கேஸ்கட் விரிந்ததும் கசிவு குறைகிறது. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் வேகம் கூடக்கூட ட்ரிம் ஏற வேண்டும். இங்கே நேர்மாறாக இறங்குகிறது. நீங்கள் கழற்றிய ஆக்சிஜன் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதை மாற்றச் சொல்லி என்னிடம் பணம் வாங்கியிருக்கிறீர்கள்.

முதல் முறை வந்தபோதே உங்கள் ஸ்கேனரிலும் இதே கோட் வந்தது, நான் கண்ணால் பார்த்தேன். அதைக் குறித்துக்கொள்ளாமலே அழித்துவிட்டார்கள். கோளாறு வந்த நேரத்தில் என்ஜின் சூடு என்ன, ஆர்பிஎம் என்ன என்று பதிவாகியிருந்த விவரமும் அதோடு போய்விட்டது.

ஐந்தாவது முறை இந்த எண்களைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். உங்கள் சர்வீஸ் அட்வைசர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பெட்ரோல் பம்ப் மாற்றலாம் என்றார். காரணம் கேட்டேன். நாலு பேர் முன்னால் சொன்ன பதில் இது: "சார், பதினாறு வருஷ வண்டி, உதறாம என்ன செய்யும்? உங்களுக்கு வேற வேலை இல்லையா? வித்துட்டு புதுசா ஒண்ணு வாங்குங்க." அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவே மனம் வரவில்லை. பழசு என்பது ஒரு கோளாறின் பெயர் அல்ல. எந்த ரப்பர் வெடித்தது, எந்த கேஸ்கட் சுருங்கியது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

இந்த இரண்டு மாதத்தில் நான் இழந்ததற்குக் கணக்கே இல்லை. விடுப்பெல்லாம் தீர்ந்தது, தூக்கம் போனது, அலுவலகத்தில் என் பெயரே கெட்டது. 16 வருடம் உங்கள் மேல் வைத்திருந்த நம்பிக்கையும் போனது. இப்போது செக் என்ஜின் லைட் வேறு அவ்வப்போது மின்னுகிறது. மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள்; அப்படியே ஓட்டினால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடும். அது கெட்டால் முழுப் பொறுப்பு உங்களுடையது.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். காற்று உள்ளே போகும் இன்டேக் பகுதியில் ஸ்மோக் டெஸ்ட் (புகையைச் செலுத்தி அது எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கும் சோதனை) செய்து, கசிவு எங்கே என்று எனக்குக் கண்ணால் காட்ட வேண்டும். அந்தச் சோதனைக்குப் பணம் தர மாட்டேன். தேவையில்லாமல் மாற்றிய ஆக்சிஜன் சென்சாரின் தொகையைத் திருப்பித் தர வேண்டும். அந்த அட்வைசர் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வரவில்லை என்றால் ஐந்து ஜாப் கார்டுகளையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

மறுபடி இரவு வண்டியை விடவேண்டும் என்றால் விடுகிறேன். ஆனால் சாவி என்னிடம்தான் இருக்கும். காலையில் டெக்னீஷியன் ஸ்கேனரை மாட்டித் தயாராக நின்றபின் நானே ஸ்டார்ட் செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல்கள் 5, பில் நகல்கள், ஃப்யூவல் ட்ரிம் எண்கள் குறித்த தாள்