அந்தப் பறவை சீனத்துப் பறவை அன்று

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பில் வெளியான சீனப் பழமொழிகள் பற்றிய கட்டுரையில், ‘ஒரு கல், இரு பறவை’ என்ற நான்கெழுத்துத் தொடரைச் சீனரின் தொன்மையான வழக்காகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அது சரியன்று. ஆங்கிலப் பழமொழி ஒன்றை ஜப்பானியர் ‘இஸ்ஸெகி நிச்சோ’ என நான்கே எழுத்தில் சுருக்கிக்கொண்டனர். சீனத்துக்கு அது அங்கிருந்து போய்ச் சேர்ந்தது. நான்கும் சீன எழுத்துகளாகவே இருப்பதால் பார்ப்பவருக்குப் பழஞ்சொல் போலத் தோன்றுகிறது. சீனரின் சொந்தச் சரக்கு ‘ஓர் அம்பில் இரு கழுகு’. 659இல் முடிக்கப்பட்ட ‘பெய் ஷி’ வரலாற்று நூலில், இறைச்சிக்காகச் சண்டையிட்ட இரண்டு கழுகுகளை ஒரே அம்பில் வீழ்த்திய சாங்சுன் ஷெங் என்பவரின் கதையில் அதன் வேர் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஜப்பானிய மொழி வகுப்பில், நம் ‘ஒரே கல்லில் இரண்டு மாங்காய்’ என்பதை அப்படியே பெயர்த்து எழுதினேன். ஆசிரியை சிரித்துக்கொண்டே என் நோட்டில் மாங்காயை அடித்துவிட்டு, பறவைக்குரிய எழுத்தைச் சிவப்பு மையில் எழுதினார். “இதுவும் எங்களுடையதில்லை, ஆங்கிலத்திலிருந்து வாங்கியதுதான்” என்றார். (எனக்கென்னவோ இன்றும் மாங்காய்தான் பிடித்திருக்கிறது, பறவை பாவம்.) இனி இத்தகைய தொகுப்புகளை வெளியிடும்போது, ஒவ்வொரு தொடரும் எந்த மொழியில் பிறந்து எந்த வழியாக வந்தது என்பதை ஒரு வரியில் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

– வாசகர், திருச்சி