பள்ளத்துக் குப்பையும் ஒரு மாணவியின் அறிக்கையும்

கோவை,
நவம்பர் 2025

அன்புள்ள செந்தில்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது காலையில் பேப்பர் அவருக்குப் பிறகுதான் எனக்கு. உன் பெரியவனுக்கு வேலை கிடைத்த சேதியை ராஜாமணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஸ்வீட் எங்கே என்று கேட்கச் சொன்னான், கேட்டுவிட்டேன். முட்டி வலிக்கு அந்தத் தைலத்தையே நம்பிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் போய்ப் பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே "அதெல்லாம் அப்படித்தான்டா" என்று முடித்துவிடுவாய். பி.டி.ஓ. ஆபீஸில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்கு அந்தப் பதில்தான் முதலில் வரும். அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படி.

நான் இப்போது ஐபி (இன்டர்நேஷனல் பக்கலாரியேட்) பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு 'குளோபல் பாலிடிக்ஸ்' எடுப்பது உனக்குத் தெரியும். அதில் பரீட்சை தவிர இன்னொன்றும் உண்டு. ஒரு அரசியல் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அதில் தாங்களே இறங்கி ஏதாவது செய்து, அதைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். ஹையர் லெவல் எடுத்த பிள்ளைகளுக்கு 2,400 சொல்தான் எல்லை. பிரச்சினையைச் சொல்வதோடு நிற்க முடியாது. இதற்கு என்ன செய்யலாம் என்று ஒரு பரிந்துரையும் வைக்க வேண்டும். பாடத்திட்டம் புதியது, 2026-இல்தான் முதல் தேர்வு. அதனால் எங்களுக்குப் பார்த்து எழுத முன்மாதிரி எதுவும் இல்லை. அதுவும் ஒருவகையில் நல்லதுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

என் வகுப்பில் ஒரு பெண். கெட்டிக்காரி, ரொம்பப் பேசமாட்டாள். அவள் பாட்டி ஊர் கோவைக்கு வெளியே ஒரு ஊராட்சி. ஊர்ப் பெயரை உனக்கும் சொல்லப் போவதில்லை, காரணம் பின்னால் வருகிறது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் போகிற ஒரு பள்ளம் ஊரை ஒட்டி ஓடி நொய்யலில் சேர்கிறது. பத்து வருஷமாகச் சுற்றிலும் லேஅவுட் மேல் லேஅவுட். வீடு பெருகினால் குப்பையும் பெருகும். தூய்மைக் காவலர்கள் பேட்டரி வண்டியில் வீடு வீடாகப் போய் வாங்குகிறார்கள். தரம் பிரிக்க ஒரு கொட்டகைகூடக் கிடையாது. வாங்கியதையெல்லாம் பள்ளத்து ஓரத்தில் கொட்டி, மேடு ஏறியதும் நெருப்பு வைத்துவிடுகிறார்கள். அந்த ஓரத்தில்தான் அருந்ததியர் தெரு இருக்கிறது. புகை முதலில் போவது அங்கே. தூய்மைக் காவலர்களில் பாதிப் பேருக்கு வீடும் அங்கேதான்.

இதைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். ஆனால் முதலில் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளைப் படித்ததும் எனக்கு நம் என்எஸ்எஸ் முகாம் அறிக்கைதான் ஞாபகம் வந்தது. "கிராம மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தினோம். மக்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்." துண்டுப் பிரசுரம் கொடுக்கிற போட்டோ ஒன்று, துடைப்பத்தோடு ஒன்று. முகாம் அறிக்கையில் கையெழுத்துப் போடும் நம் பெரியவர் இருந்திருந்தால் அப்படியே கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்திருப்பார்.

அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்: "குப்பையை அங்கே கொட்டலாம் என்று முடிவு செய்தது யார்?" தெரியாது என்றாள். "அப்படியானால் யாருக்கு விழிப்புணர்வு கொடுத்தாய்? புகையில் இருமுகிறவர்களுக்கா?" பதில் இல்லை. முகம் சிவந்துவிட்டது. ஆனால் அடுத்த வாரமே பாட்டி ஊருக்குப் போனாள்.

செந்தில், எனக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை. பள்ளத்தைக் கூட்டிப் பெருக்குவது நல்ல காரியம், பிள்ளைகள் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அது சேவை. பள்ளம் ஏன் குப்பைமேடாச்சு, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார், அதனால் யாருக்கு லாபம், யார் வாயைத் திறக்க முடியாமல் இருக்கிறார்கள் என்று கேட்கும்போதுதான் அரசியல் ஆரம்பிக்கிறது. நம் காலத்தில் பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்தோம், அந்தச் சுவர் ஏன் விரிசல் விட்டது என்று கேட்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது என் வேலை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நானும் போயிருந்தேன். உள்ளே புகுந்து எதையும் செய்துவிடக் கூடாது என்று கடைசி வரிசையில் பாட்டியம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சமுதாயக் கூடம், ஷாமியானா, ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை (படிவம் 30) அடித்த ஃபிளக்ஸ், எல்லாம் நீ அலுத்துப்போகும் அளவுக்குப் பார்த்ததுதான். கோரம், அதாவது குறைந்தது வர வேண்டியவர்கள், 200 பேர். நூறு நாள் வேலைப் பெண்கள்தான் முக்கால்வாசி. ஊராட்சித் தலைவர் கிடையாது. 2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் இந்த வருஷம் ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர் கைக்குப் போய்விட்டதே. ஆக, "ஓட்டுக் கேட்டு வரும்போது பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லக்கூட அந்த மக்களுக்கு ஆள் இல்லை. அவள் அறிக்கையில் இதை ஒரே பத்தியில் அழகாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. குப்பை பற்றிய மனுவைச் சபையில் தானே வாசிக்கலாம் என்று ஆசையாக இருந்தாள். அப்புறம் சட்டத்தைப் பார்த்திருக்கிறாள். கிராம சபை என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் என்கிறது அரசமைப்பின் 243-ஆம் பிரிவு. இவளுக்கு வயது 17, ஓட்டு இல்லை. ஓட்டு வந்தாலும் கோவை டவுனில்தான் வரும். அந்தச் சபையில் இவள் வெறும் வேடிக்கை பார்ப்பவள். வேறு பிள்ளையாக இருந்தால் உற்சாகம் வடிந்திருக்கும். இவள் அந்தத் தடையையே அறிக்கையின் நடுவில் வைத்துவிட்டாள். நான் பேச முடியாது என்றால் யார் பேச முடியும்? தூய்மைக் காவலர் அக்கா ஒருவரைத்தான் முதலில் கேட்டாள். அவர், "நான் எழுந்தா நாளைக்கு வண்டி வேற ஆளுக்குப் போயிருங் கண்ணு" என்றாராம். பட்டியலில் பெயர் இருக்கிறது, உரிமை இருக்கிறது, ஆனாலும் எழுந்திருக்க முடியாது. இவளுக்கு உரிமை இல்லை, ஆனால் பயமும் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் எழுதிய அந்த அரைப் பக்கம் இருக்கிறதே, எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் அப்படிப் படித்ததில்லை.

கடைசியில் அந்தத் தெருவிலிருந்து மகளிர் குழுப் பெண் ஒருவர் எழுந்தார். கையில் இவர்கள் சேர்ந்து எழுதிய மனு. "பள்ளத்து ஓரம் குப்பை கொட்டுவதையும் எரிப்பதையும் நிறுத்த வேண்டும். வேறு இடம் பார்க்க வேண்டும்." குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. சபையைப் பார்க்க வந்திருந்த அரசு அலுவலரான பற்றாளர் தலையாட்டினார். செயலர் குனிந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டார். கைதட்டல் எல்லாம் இல்லை. அடுத்து தெருவிளக்குக்குப் போய்விட்டார்கள்.

அங்கே முடித்திருந்தால் அறிக்கை வெற்றிக்கதை ஆகியிருக்கும். "எங்கள் முயற்சியால் தீர்மானம் நிறைவேறியது" என்று ஒரு வரி போட்டு முடித்திருக்கலாம். இவள் பாட்டியம்மாவை வைத்து 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் தீர்மான நகலைக் கேட்டு வாங்கினாள். வந்த நகலில் இருந்த வரி இது: "ஊராட்சியில் சுகாதாரம் பேணுவது குறித்து விவாதிக்கப்பட்டது." பள்ளமும் இல்லை, எரிப்பதும் இல்லை, வேறு இடமும் இல்லை. கேட்ட பெண்ணும் இல்லை. மனுவையும் நகலையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாகப் போட்டுவிட்டு, பேசுகிற அதிகாரம் ஒருவரிடமும் எழுதுகிற அதிகாரம் இன்னொருவரிடமும் இருக்கிறது என்று ஒரே வாக்கியம் எழுதியிருக்கிறாள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்டா.

நீ இப்போது சொல்வது காதில் விழுகிறது. செயலர் ஒரே நாளில் முப்பது பொருளுக்குத் தீர்மானம் எழுத வேண்டும், மேலிடத்திலிருந்து வந்த மாதிரி வாசகத்தைத்தான் போட முடியும், அவரைக் குறை சொல்லாதே என்பாய். அவளும் அவரைக் குறை சொல்லவில்லை. அவரையும் போய்ப் பார்த்துப் பேசி, அவர் தரப்பையும் எழுதியிருக்கிறாள். இட வசதி இல்லை, புறம்போக்கு என்று பார்த்த இடத்தில் எல்லாம் அக்கம்பக்கத்து லேஅவுட்காரர்கள் தகராறு செய்கிறார்கள் என்றாராம். அதாவது சத்தம் போடத் தெரிந்தவர்கள் பக்கம் குப்பை போகாது. தெரியாதவர்கள் பக்கம் வந்து நிற்கும்.

இனிமேல்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். அறிக்கையின் வரைவு பள்ளியில் மேலே இருப்பவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. கூப்பிட்டு, பிள்ளை நன்றாக எழுதியிருக்கிறாள், ஆனால் அந்தத் தெருவைப் பற்றிய பத்தி வேண்டாமே என்றார்கள். 'பின்தங்கிய பகுதி' என்று பொதுவாகப் போட்டுக்கொள்ளலாமாம். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், காலனி என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தாயிற்று, நீங்கள் எதற்குச் சாதியை இழுக்கிறீர்கள் என்றார். அந்த அறிவிப்பை நான் மனசார வரவேற்றவன். அவளும் காலனி என்று எழுதவில்லை. ஆனால் பலகையில் பெயர் மாறினால் புகை திசை மாறிவிடுமா? எந்தத் தெரு ஓரத்தில் குப்பை விழுகிறது என்பதுதான் அந்த அறிக்கையின் உயிர். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது விழிப்புணர்வும் துடைப்பமும்தான்.

மறைக்க வேண்டியது எது, மறைக்கக் கூடாதது எது என்று அவளோடு உட்கார்ந்து பேசினேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த அக்காவின் பெயர் வேண்டாம், வயது வேண்டாம், எந்த வார்டு வண்டி என்பதுகூட வேண்டாம். மனு வாசித்த பெண்ணின் போட்டோவையும் எடுத்துவிட்டோம். அறிக்கை எழுதியவள் ஜூன் மாதம் வேறு ஊருக்குப் படிக்கப் போய்விடுவாள், அந்தப் பெண்கள் அங்கேயேதான் இருக்க வேண்டும். ஆள் அடையாளம் முழுக்க மறையட்டும். ஆனால் நடந்தது நடந்தபடி இருக்கட்டும். இதைத்தான் பள்ளியிலும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். பத்தியை எடுக்கச் சொன்னால் என் பெயரில் எழுத்துமூலமாக மறுப்புக் கொடுப்பேன் என்றும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வீட்டில் சாவித்திரிக்குக் கவலை. வீட்டுக் கடன் இன்னும் இருக்கிறதே என்கிறாள். அவள் பயம் நியாயமானது. அதற்காக, உண்மையை எழுதக் கற்ற ஒரு பிள்ளையிடம் போய் அதை அழி என்று நான் எப்படிச் சொல்வது?

அவள் அப்பா ஒருநாள் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "சார், நாங்களும் அந்த லேஅவுட்டில் ஒரு சைட் வாங்கிப் போட்டிருக்கிறோம். அதையும் எழுதியிருக்கிறாள்" என்றார். கோபமா பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. காபி குடித்துவிட்டு, மகள் இஷ்டம் என்று போய்விட்டார்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. வரைவைப் படித்து ஒரே ஒருமுறைதான் நான் கருத்துச் சொல்லலாம், திருத்தி எழுதித் தரக் கூடாது என்பது விதி. நீயும் திருத்தக் கூடாது. ஆனால் அவள் உன்னைப் பேட்டி காணலாம். அவளுடைய பரிந்துரை இதுதான்: மத்திய அரசிடமிருந்து ஊராட்சிகளுக்கு வரும் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்த பணம். அதிலிருந்து தரம் பிரிக்கும் கொட்டகை கட்டலாம், இடத்தை முதலில் கிராம சபையில் வைத்து முடிவு செய்ய வேண்டும், அந்தத் தெருப் பெண்கள் இருவராவது இடம் பார்க்கிற குழுவில் இருக்க வேண்டும். நடைமுறையில் இந்த ஃபைல் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகும், எங்கே நிற்கும், நிற்பதற்கு என்ன காரணம் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். உன் பெயரோ ஆபீஸோ அறிக்கையில் வராது, அதற்கு நான் பொறுப்பு.

"அதெல்லாம் அப்படித்தான்" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. ஏன் அப்படி என்று சொல். ஒரு மணி நேரம் போதும், ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் உனக்கும் வசதி. எந்த ஞாயிறு என்று எழுது, இல்லை ராஜாமணியிடம் சொல்லிவிடு. இறுதி வடிவம் டிசம்பரில் போக வேண்டும்.

தை மாதம் ராஜாமணி வீட்டுக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. ஒரு நாள் முன்னாலேயே வந்து இங்கே தங்கு.

அன்புடன்,
கோபால்