‘கவனிக்கப்பட்டது’ என்றால், கவனித்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் போட்டித் தேர்வு இணைப்பில் ஆங்கில இலக்கணத்தின் ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் (செய்வினை, செயப்பாட்டு வினை) பாடம் தொடராக வருகிறது. என் தங்கை பேரன் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறான். அவனுக்காக வெட்டி எடுத்து வைக்கும் வேலை என்னுடையது; அப்படியே நானும் படித்துவிடுகிறேன். பாடம் எழுதுபவர் விஷயம் தெரிந்தவர். ஆனால் போன வாரப் பாடத்தில் ஒரு விதியைச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்: “எழுவாயாக பீப்பிள், தே, சம்ஒன் வந்தால், பாசிவ் ஆக்கும்போது கடைசியில் ‘பை பீப்பிள்’ என்று எழுதத் தேவையில்லை, விட்டுவிடலாம்.” எடுத்துக்காட்டு: ‘பீப்பிள் கன்சிடர் ஹிம் ஆரகன்ட்’ என்பது ‘ஹி இஸ் கன்சிடர்ட் ஆரகன்ட்’ ஆகிறது.

மார்க் வாங்க இது போதும். ஆனால் மரத்தை வெட்டுவதும் ஒருவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைப்பதும் ஒரே மாதிரி வினைகள் அல்ல. ‘மரம் வெட்டப்பட்டது’ என்றால் வெட்டியவர் பெயர் போனாலும் மரம் கீழே கிடக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ‘திமிர் பிடித்தவராகக் கருதப்படுகிறார்’ என்பதில் கருதியவரை எடுத்துவிட்டால் எதைப் போய்ப் பார்ப்பது? சீ, ஹியர், நோட்டீஸ், அப்சர்வ், கன்சிடர், பிலீவ் போன்ற வினைகளில் பார்த்தவர்தான் பாதிச் செய்தி. அவரை விட்டுவிடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, எப்போது விடலாம், எப்போது விடக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டாமா?

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நிர்வாகப் பிரிவில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். அங்கே மெமோவெல்லாம் ஆங்கிலத்தில்தான். அதற்கென்றே ஓர் ஆங்கிலம் உண்டு: ‘இட் இஸ் அப்சர்வ்ட் தட்...’, ‘இட் ஹேஸ் பீன் நோட்டீஸ்ட் தட்...’. எங்கள் செக்‌ஷனில் ஒரு பெண் குமாஸ்தாவுக்கு ஒருமுறை இப்படி மெமோ வந்தது: ‘நீங்கள் அடிக்கடி சீட்டில் இல்லாதது கவனிக்கப்பட்டுள்ளது.’ அதிகாரியின் அறை தரைத்தளத்தில். எங்கள் செக்‌ஷன் இரண்டாவது மாடியில். லிஃப்ட் ரிப்பேர். முட்டிவலிக்காரரான அதிகாரி அந்தப் படிகளில் ஏறி யாரும் பார்த்ததில்லை. பிறகு கவனித்தது யார்? பக்கத்து சீட்டுக்காரர் கீழே போய் ஓதியது என்பது செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரியும். மெமோவில் மட்டும் அது தெரியவில்லை. அந்தப் பெண் சீட்டில் இல்லாத நேரமெல்லாம் ரெக்கார்ட் ரூமில் பழைய கோப்பு தேடிக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை.

அவள் எழுதிய விளக்கம் இரண்டு வரி. எந்தெந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யாரால் கவனிக்கப்பட்டது என்று தெரிவித்தால் பதில் தரத் தயார் என்று எழுதினாள். ‘பை ஹூம்’ என்ற அந்த இரண்டு சொல்லுக்கு மேலிருந்து பதிலே வரவில்லை. கோப்பு அப்படியே மூடப்பட்டது. (மூடியது நான்தான், அதிகாரி சொன்னபடி.)

மத்திய அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைக்கான சி.சி.எஸ். (சி.சி.ஏ.) விதிகள் 1965-ஐப் புரட்டியவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். விதி 14-இன் கீழ் பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு என்றால் நான்கு இணைப்புகள் வைக்க வேண்டும். மூன்றாவதில் ஆவணப் பட்டியல், நான்காவதில் சாட்சிப் பட்டியல். ‘கவனிக்கப்பட்டது’ என்று எழுதியவர், கவனித்தவரைப் பெயர் சொல்லி அங்கே கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும். விதி 16-இன் கீழ் வரும் சிறிய தண்டனைக்கு வழக்கமாக அவ்வளவு தூரம் போவதில்லை. குற்றச்சாட்டு விவரத்தைக் கொடுத்து விளக்கம் கேட்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். சாதாரண மெமோவுக்கு அதுவும் கிடையாது. ஆளில்லாத ‘இட் இஸ் அப்சர்வ்ட்’ செழிப்பாக வளர்வது இந்தக் கீழ்த்தட்டில்தான். எஸ்.எஸ்.சி. எழுதி உள்ளே போகிற பிள்ளைகள் முதல் வருஷமே இந்த மெமோவை வாங்கப்போகிறார்கள். பத்து வருஷம் கழித்து அவர்களே எழுதப்போகிறார்கள்.

அதற்காக இந்தப் பாசிவ் வாக்கிய அமைப்பே கெட்டது, எங்கும் ஆக்டிவ் வாய்ஸ்தான் எழுத வேண்டும் என்று சிலர் உபதேசம் செய்வதையும் நான் ஏற்கவில்லை. ஆங்கிலச் சட்ட உலகின் மிகப் பிரபலமான வாக்கியங்களுள் ஒன்று இந்த வகைதான். 1923-இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் மெக்கார்த்தி என்பவர் மோட்டார் சைக்கிளை அபாயகரமாக ஓட்டி விபத்து ஏற்படுத்தியதாக மாஜிஸ்திரேட்டுகள் தண்டித்தார்கள். அன்று அவர்களுக்குக் கிளார்க்காக உட்கார்ந்தவர், அதே விபத்துக்காக மெக்கார்த்தியிடம் நஷ்டஈடு கேட்கிற தரப்பின் வக்கீல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். தீர்ப்பை யோசிக்க மாஜிஸ்திரேட்டுகள் உள்ளே போனபோது அவரும் கூடவே போனார். அவரிடம் எதையும் கேட்கவில்லை என்று மாஜிஸ்திரேட்டுகள் சொன்னார்கள். மேல்நீதிமன்றமும் அதை நம்பியது. நம்பியும் தண்டனையை ரத்து செய்தது. தலைமை நீதிபதி ஹெவர்ட் பிரபு சொன்ன காரணம்: நீதி செய்யப்பட்டால் மட்டும் போதாது, அது செய்யப்படுவது ஐயத்துக்கு இடமின்றிப் பார்க்கப்படவும் வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வால், ‘பி சீன் டு பி டன்’.

இங்கே ‘பை’ இல்லை. யாரால் பார்க்கப்பட வேண்டும்? கூண்டில் நிற்கிற மெக்கார்த்தியால், கோர்ட்டுக்கு வெளியே வெற்றிலை போடுகிறவரால் (சசெக்ஸில் வெற்றிலை ஏது என்று கேட்காதீர்கள்), நாளைக்குத் தீர்ப்பைப் படிக்கப்போகிற உங்களால், என்னால். காலியாக விட்ட அந்த இடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம், வாக்கியம் நிற்கும். மெமோவில் காலியாக இருந்த இடத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார், அவரும் ஒளிந்துகொண்டிருந்தார். இலக்கணப்படி இரண்டும் ஒன்றுதான்.

இதே வாக்கியத்தை வைத்து உங்கள் பாடத்தில் விட்டுப்போன இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கலாம். ஆக்டிவில் ‘ஐ சா ஹிம் லீவ்’ என்று ‘டு’ இல்லாமல் வரும் சீ, பாசிவில் ‘ஹி வாஸ் சீன் டு லீவ்’ என்று ‘டு’வை மறுபடி வாங்கிக்கொள்ளும். தேர்வில் பிள்ளைகளை மாட்டவைக்கிற இடம் இது. விதியாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். ஹெவர்ட் வாக்கியத்தோடு படித்தால் மறக்காது.

‘பை’ போட்டு எழுதுவதற்கும் நம் ஊர்ப்பக்கமே நல்ல உதாரணம் உண்டு. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனும், எங்கள் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் ஒளிச்சிதறல் பற்றிய குறிப்பை 1928 மார்ச் 31 நேச்சர் அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். முதல் வாக்கியத்திலேயே எக்ஸ் கதிர்ச் சிதறலைச் சொல்லும்போது ‘அப்சர்வ்ட் பை ப்ரொஃபசர் காம்ப்டன்’ என்று வருகிறது. செயப்பாட்டு வினைதான்; ஆனால் பார்த்தவர் பெயர் பக்கத்திலேயே இருக்கிறது. யாருடைய கண்டுபிடிப்பின் மேல் நின்று பேசுகிறார்கள் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டுமே, அதை விட்டுவிடலாமா? எங்கள் மெமோவிலும் இதே ‘அப்சர்வ்ட்’தான்.

‘ஹி இஸ் செட் டு பி’ என்ற அமைப்பையும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கலாம். ‘இட் இஸ் செட் தட் ஹி டேக்ஸ் பிரைப்ஸ்’ (அவர் லஞ்சம் வாங்குகிறார் என்று சொல்லப்படுகிறது) என்றால் முதலில் வருவது பேச்சு: யாரோ சொல்கிறார்கள், பிறகுதான் ஆள். ‘ஹி இஸ் செட் டு டேக் பிரைப்ஸ்’ என்று மாற்றினால் ஆள் வாக்கியத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறார், சொன்னவர்கள் இரண்டு சொல்லாகச் சுருங்கிவிடுகிறார்கள். தேர்வில் இரண்டுக்கும் ஒரே மார்க். சம்பந்தப்பட்ட மனிதருக்கு இரண்டும் ஒன்றல்ல.

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் ஒன்று. உங்கள் முதல் பக்கத்திலேயே ‘ஆளுங்கட்சிக்குப் பின்னடைவாகப் பார்க்கப்படுகிறது’ என்று அடிக்கடி வருகிறது. எதிர்க்கட்சிக்காரர் பார்த்தாரா, அந்தக் கட்சிக்காரரே பார்த்தாரா, உங்கள் நிருபர் பார்த்தாரா? நிருபரே பார்த்திருந்தாலும் தவறில்லை, அவர் பெயரைப் போட்டு எழுதட்டும்; களத்தில் நிற்பவர் கண்ணுக்கு மதிப்பு உண்டு. தெருவில் பேசும்போது ‘எல்லாருக்கும் அப்படித்தான் தெரியுது’ என்று ஒருவர் சொன்னால், ‘எல்லாருக்கும்னா யாருக்கு?’ என்று உடனே கேட்கிறோம். அச்சில் வந்தால் மட்டும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த வாரம் பயிற்சி வினாக்கள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். வாய்ஸ் மாற்றும் கேள்விகளோடு, ‘பை’ இல்லாத ஐந்து வாக்கியங்களைக் கொடுத்து, பார்த்தவர் யாராக இருக்கலாம், அவரை விட்டது சரியா என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். விடைத்தாள் திருத்துவது சிரமம் என்றால் எனக்கு அனுப்பிவையுங்கள், பகலெல்லாம் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.