8191-ம் நாலு நாள் மழையும்

கோத்தகிரி

அன்புள்ள தோழிக்கு,

உன் தீபாவளிக் கடிதத்துக்குப் பதில் போடாதது தப்புதான்டி, திட்டிக்கொள். இவருக்கு முழங்கால் வலி தேவலை. பசுந்தேயிலை விலைதான் தேறவில்லை. நாலு நாளாக விடாத மழை, கரண்ட் இல்லை, கீழே போகும் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது.

பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். 2024-ல் லூக் டூரன்ட் கண்டுபிடித்த பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கமாம். 2-ன் 13,62,79,841-ஆம் அடுக்கில் 1 குறைவு. "அதை எதுவும் வகுக்காதுன்னு எப்படிப் பாட்டி தெரியும்?" விதியைச் சொன்னேன். ஆனால் நானே ஒரு தரமும் போட்டுப் பார்த்ததில்லை என்பது உறுத்தியது.

மெழுகுவத்தியை ஏற்றி 8191-ஐ எடுத்துக்கொண்டேன். 2-ன் 13-ஆம் அடுக்கில் 1 குறைவு. விதி இதுதான்: 4-ல் தொடங்கி, வர்க்கம் செய்து, 2 கழித்து, 8191-ஆல் வகுத்து மீதியை எடு. மறுபடி அதையே செய். பதினோராம் தடவை மீதி பூஜ்யம் வந்தால் பகா எண். நீ இப்போது என்ன சொல்வாய் என்று தெரியும்: "வகுக்கும் பகா எண் 26-ன் மடங்கைவிட 1 கூடுதலாக இருக்கணும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரணும், வர்க்கமூலம் 90-க்குள் அப்படி இருப்பது 79 ஒன்றுதான், அதைப் பார்த்தால் போதுமே!" ஹாஸ்டலிலும் உனக்குக் குறுக்கு வழிதான். 11-ஆம் அடுக்கின் 2047-ஐ 23 வகுத்தது ஞாபகம் இருக்கா?

முதல் தரம் 5970-ஐ வர்க்கம் செய்யும்போது ஓர் இலக்கம் பிசகி, கடைசியில் பூஜ்யம் வரவில்லை. மறுநாள் முதலிலிருந்து: 4, 14, 194, 4870, 3953, 5970, 1857. அப்புறம் திடீரென்று 36! பேத்தி கைதட்டினாள். 1294, 3470, 128. 128-ன் வர்க்கம் 16384, இரண்டு போனால் 16382. அது 8191-ன் இரண்டு மடங்கு. மீதி பூஜ்யம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1876-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் 127-ஆம் அடுக்குக்கு, 39 இலக்க எண்ணைக் கையாலேயே சோதித்து முடித்தார். (இந்தச் சோதனையைப் பிறகு அமெரிக்கக் கணித அறிஞர் லேமர்தான் இவ்வளவு எளிதாக்கினார்.) 1951 வரை அதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் அகப்படவில்லை. இடையில் ஓர் இலக்கம் பிசகினால் அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அதை நினைத்துத்தான் இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. டூரன்டின் எண்ணையே வேறு வேறு கணினிகளில், வேறு வேறு நிரல்களால் திரும்பத் திரும்பச் சரிபார்த்த பிறகுதான் அறிவித்தார்கள். லூக்காஸுக்கு இருந்தது காகிதமும் பொறுமையும்தான்.

சரி, உனக்கு ஒரு வேலை. 17-ஆம் அடுக்கு, 131071. பதினைந்து படி. கால்குலேட்டரைத் தொடாதே, 79 மாதிரி வழியும் கூடாது. நானும் தனியாகப் போடுகிறேன். பொங்கலுக்கு நீ வரும்போது இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்ப்போம். ரோடு சரியானதும் வர்க்கி அனுப்புகிறேன்.

உன்,
கோத்தகிரிக்காரி